முசே அந்துவானுக்கு நட்ட கல்

ஒரு கல்லறைக் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பட்டப்பகலில், ஊர் பார்க்க, கன்னத்தைக் கல்லில் பதித்து, இரண்டு கைகளாலும் அணைத்து, முழங்கால் வரை சேற்றில். சினிமாவில் கதாநாயகன் மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பான். அவனுக்குப் பின்னணியில் பாட்டாவது இருக்கும்.

காரைக்கால் கல்லறைத் தோட்டம். ஐப்பசி மழை கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்ட ஒரு மத்தியானம். மறுநாள் கல்லறைத் திருநாள் என்பதால் குடும்பம் குடும்பமாக வந்து, புல் பிடுங்கி, ஈரச் சுவரில் ஒட்டாத சுண்ணாம்பை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் நிமிர்த்தப் பார்த்த கல்லில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒருவர் அதன் அடியில் படுத்திருந்தார். மற்றவர் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"மெதுவாங்க தம்பி," என்றார் குடை பிடித்தவர். "அவ முதுகுவலிக்காரி."

பக்கத்துக் கல்லறையில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் மட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "சார், அவுங்க ஒங்களுக்கு ரொம்ப வேண்டியவுங்களா?" என்று கேட்டார். நான் கல்லை அணைத்திருந்த விதம் அப்படி.

அந்தக் கல் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததற்கு என் படிப்புதான் காரணம்.

கல் இல்லாத ஊரில்

கல்லூரியில் நான் எடுத்த பாடம் நிலவியல். எடுத்த பாடம் என்பது மரியாதைக்குச் சொல்வது. மற்ற வகுப்புகளெல்லாம் நிரம்பிய பின் மிச்சமிருந்த பாடம் அது. காரைக்காலில் பிறந்தவன் பாறையைப் படிப்பது, பாலைவனத்துக்காரன் படகு கட்டப் படிப்பது மாதிரி.

எங்கள் ஊரில் கல் என்றால் அம்மி, ஆட்டுக்கல், வயலில் எல்லைக்கல், கோயிலில் சாமி. நான்குமே வெளியூரிலிருந்து வந்து குடியேறியவை. மாங்காய் அடிக்க வேண்டுமானால்கூட ஓட்டுச்சில்லைத்தான் தேட வேண்டும். தோண்டினால் களிமண். அதற்குக் கீழே மணல். அதற்கும் கீழே போனால் உப்புத் தண்ணீர். எங்கள் மாணவர்களுக்குப் பாறை என்பது திமிங்கலம் மாதிரி, படத்தில் பார்ப்பது.

பட்டம் வாங்கினேன். பாறையோடு சம்பந்தப்பட்ட எந்த வேலையும் என்னைத் தேடி வரவில்லை. கடைசியில் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பூகோளம் நடத்த வந்து சேர்ந்தேன். "சார், பாறைன்னா எம்மாம் பெருசு இருக்கும்? நம்ம பஸ் ஸ்டாண்டு அளவு இருக்குமா?" என்று ஒருவன் கேட்டான். இருக்கும் என்றேன். அடுத்த கேள்வி: "அப்ப அதை யாரு அங்க கொண்டாந்து வச்சாங்க?" டெல்டாக்காரனுக்கு அதுதான் தோன்றும். கல் என்றாலே எங்கிருந்தோ யாரோ கொண்டுவந்து வைத்ததுதான்.

அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். பூமிக்குள் கொதிக்கும் குழம்பு முழுவதும் எரிமலையாக வெளியே வந்துவிடுவதில்லை. பெரும்பகுதி வருகிற வழியிலேயே நின்று, உள்ளேயே மெல்ல ஆறிக் கல்லாகிவிடும். அரசாங்க உத்தியோகத்துக்கு மனுப் போட்டவர்களில் பெரும்பகுதியைப் போல. அப்புறம் மேலே மூடியிருக்கும் மண்ணையும் மெத்தென்ற பாறையையும் யுகக்கணக்கில் மழை கரைத்துக்கொண்டு போகும். போனபின் உள்ளே ஆறிய கல் வெளியே தெரியும். பெரிதாகத் தேங்கி ஆறியது குன்றாக உட்கார்ந்திருக்கும். விரிசலில் புகுந்து ஆறியது வயல் நடுவே கருப்பு மதில் சுவர் மாதிரி நீண்டு கிடக்கும். ஊடுருவிய பாறை என்று புத்தகத்தில் பெயர். அது நகர்வதில்லை, வளர்வதில்லை. சுற்றி இருப்பது போய்விடும், இது இருக்கும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம்.

சொல்தாவின் கவலை

எங்கள் தெருவில் இருந்தவர் முசே அந்துவான். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்விட்டு வந்து பென்ஷனில் இருந்தார். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். ஞானஸ்நானத்தில் அந்தோணிசாமி, பட்டாளத்தில் அந்துவான். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேஜைத்துணி விரிப்பார். மேலே வைப்பது மீன்குழம்பும் சோறும்தான்.

ஒரே மகன் பியேர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு பிரான்சுக்குப் போனவனுக்கு அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். முசேயின் மனைவி தெரேஸ் அம்மாள் இறந்தபோது அவனால் வந்து சேர முடியவில்லை. தந்திதான் வந்தது. சீக்கிரம் வந்து அப்பாவை அழைத்துக்கொண்டு போகிறேன் என்று அதில் இருந்தது.

முசே அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, அவன் வந்து கூப்புடுவான். நான் போவ மாட்டேன்."

"மாட்டேன்னு சொல்லிடுங்க முசே."

"சொன்னா கேக்கறவனா? ஒண்டியா கெடந்து சாவப்போறீங்களாம்பான். அவங்கிட்ட பேசி செயிக்க முடியாதுங்க. கண்ணால காட்டணும். அம்மா இங்க நெரந்தரமா இருக்கா, பக்கத்துல எனக்கும் எடம் வாங்கியாச்சு, பேரும் வெட்டியாச்சுன்னு கூட்டிட்டுப் போயி காட்டணும். அதுக்கு மேல வா பப்பான்னு எப்படிக் கூப்புடுவான்?"

உயிரோடிருக்கும்போதே தன் பெயரையும் சேர்த்து வெட்டிவைப்பது சொல்தா குடும்பங்களில் உண்டு. பிறந்த வருஷம், ஒரு கோடு, கோட்டுக்குப் பின்னால் வெற்றிடம். ஆனால் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் எல்லாமே செங்கல்லும் காரையும். உப்புக்காற்றும் மழையும் சேர்ந்து சிலுவையின் கைகளை உதிர்த்துவிடும், சம்மனசு என்கிற தேவதூதனின் மூக்கைத் தின்றுவிடும். யார் யாருடைய தாத்தா என்பதில் ஒவ்வொரு திருநாளிலும் இரண்டு குடும்பம் சண்டை போட்டுக்கொள்ளும்.

"அவன் எப்ப வருவான்னு தெரியாது. வரும்போது அவன் ஆத்தா பேரு அழியாம இருக்கணும். உப்புக்காத்துக்கு அசையாத கல்லு எதுங்க தம்பி? நீங்க அதுலதான பட்டம் வாங்குனீங்க?"

பட்டம் வாங்கிய பிறகு என் படிப்பைப் பற்றி ஒரு மனிதர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. பிள்ளைகள் கேட்டது கணக்கில் வராது, அவர்களை உட்காரவைத்து மணியும் அடித்திருந்தார்கள். இவர் தானாக வந்து கேட்டார். குளத்தில் குதிப்பது மாதிரி குதித்தேன்.

பாதாளம் வரை

திருச்சிக்கு மேற்கே, கடலைக்கொல்லைகளுக்கு நடுவே ஒரு குவாரிக்கு அவரை அழைத்துக்கொண்டு போனேன். நான் சொன்ன அதே கருப்பு மதில். இரண்டு பக்கமும் மண் தேய்ந்து இறங்கிப்போயிருக்க, அது மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் நிமிர்ந்து, கண்ணுக்கு எட்டியவரை ஓடியது. வெட்டிய முகத்தில் வெயில் பட்டு மினுங்கியது.

அங்கே நான் நடத்திய பிரசங்கத்தைக் குவாரியில் வேலை செய்தவர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். என் வாழ்க்கையில் அதற்குமுன் எந்த வகுப்பும் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. கோடிக்கணக்கான வருஷம் என்றேன். உருகிய குழம்பு என்றேன். மழையும் வெயிலும் இதைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் தின்றுவிட்டன, இதைத் தொட முடியவில்லை என்றேன்.

முசே அந்துவான் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இது எவ்வளவு ஆழம் போவுதுங்க?"

"அடியே கிடையாது முசே. பாதாளம் வரைக்கும்."

"அப்ப ஆடாது."

"ஆடவே ஆடாது."

நாங்கள் பேசிக்கொண்டதில் விஞ்ஞானப் பிழை எதுவும் இல்லை. நாங்கள் வாங்கிக்கொண்டு வந்ததுதான் பாதாளம் இல்லாமல், மேலே ஒரு ஆள் உயரத் துண்டு மட்டும். அதுவும் ஒரு சாண் கனம் இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். மெல்லிய கல் பார்க்க எடுப்பாக இருக்காதாம்.

பெயர் வெட்டி முடித்து லாரியில் ஏற்றினோம். தரங்கம்பாடி தாண்டி, பூவத்துக்கு முன்னால் செக்போஸ்ட். அந்தக் காலத்தில் அங்கே நிற்பவர்களுக்கு, காரைக்காலிலிருந்து வெளியே போகும் வண்டியைப் பார்த்தால் மது பாட்டில் இருக்குமோ என்று சந்தேகம் வரும். உள்ளே போகும் வண்டியில் என்ன தேடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் தேடினார்கள். காவலர் ஒருவர் வைக்கோலை விலக்கி, டார்ச் அடித்து, கல்லைப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"ரெண்டு பேரு போட்டிருக்கே. யாரு யாரு?"

"ஒண்ணு எம் பொஞ்சாதி," என்றார் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முசே.

"இன்னொண்ணு?"

"நாந்தாங்க."

காவலர் டார்ச்சை முசேயின் முகத்துக்குக் கொண்டுபோனார். பிறகு அணைத்துவிட்டு, "போங்க, போங்க," என்று தடுப்பைத் தூக்கிவிட்டார். வண்டி நகர்ந்த பின்னும் அவர் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சித்திரையில் நட்டது

சித்திரை மாதம் கல்லை நட்டோம். தரை பாளம் பாளமாக வெடித்து, கடப்பாரை பட்டால் கணீர் என்றது. கொத்தனார் கலியமூர்த்தி எட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"கீழ ஏதாச்சும் போடணுமா கலியமூர்த்தி?" என்று முசே கேட்டார்.

"கல்லுக்குக் கீழ என்னத்தங்க போடறது? எல்லாத்துக்கும் கீழ போடறதே கல்லுதானே!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். செங்கல் வீட்டுக்கு இடுப்பளவு தோண்டி மணல் நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கி அஸ்திவாரம் போடுகிற ஊர் எங்கள் ஊர். அதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் கல்லுக்கு அஸ்திவாரம் என்பது எங்களில் ஒருவர் மூளையிலும் உதிக்கவில்லை. அம்மிக்கு யார் அஸ்திவாரம் போட்டார்கள்? எல்லைக்கல்லுக்கு? கல் என்றால் அது பாட்டுக்கு இருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. கல்லோடு வாழ்ந்திருந்தால் அல்லவா தெரியும்.

குழி எடுத்து, நட்டு, மண்ணைத் தள்ளி மிதித்தோம். கருகருவென்று, கல்லறைத் தோட்டத்திலேயே நிமிர்ந்து நின்ற ஒரே பொருள் அதுதான். முசே சாயங்காலங்களில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். யாராவது வந்தால் வெற்றிடத்தைத் தடவிக் காட்டுவார், புது வீட்டில் ஒரு அறையைக் காட்டுவது மாதிரி.

முதல் மழையில் கல் வலது பக்கம் லேசாகத் திரும்பியது, யாரோ கூப்பிட்டதுபோல. கலியமூர்த்தி அந்தப் பக்கம் செங்கல் உடைசலைத் திணித்தார். மறு மழையில் இடது பக்கம் திரும்பியது. இந்தப் பக்கமும் திணித்தார். அதற்கடுத்த மழையில் கல் யோசித்துப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கமும் வேண்டாம் என்று கீழே இறங்க ஆரம்பித்தது.

"கல்லு சுத்தமான கல்லு சார்," என்றார் கலியமூர்த்தி. "தரைதான் சரியில்ல."

அவர் சொன்னபிறகுதான் பாடப் புத்தகத்தில் நான் வேகமாகப் புரட்டிவிட்ட பக்கங்கள் நினைவுக்கு வந்தன. மலைக்கல்லில் வெளிறிய ஒரு சரக்கு உண்டு. காலமும் தண்ணீரும் பட்டால் அது களிமண்ணாகிவிடும். கண்ணாடி மாதிரி இருக்கும் இன்னொன்று கரையாது, உதிர்ந்து மணலாகும். மேற்கே குன்றுகள் இப்படி உதிர உதிர, காவிரி அள்ளிக்கொண்டு வந்து கடலோரத்தில் கொட்டியதுதான் காரைக்கால். எங்கள் வயலும் தெருவும் கல்லறைத் தோட்டமும் அரைத்த மலைமாவு. குன்று நிற்பது அதன் அடி பாதாளம் வரை போவதால். அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவந்து மாவில் குத்தி வைத்தால், பிடுங்கிய பல்லைத் தயிரில் நட்ட கதைதான்.

இதை முசேயிடம் சொன்னேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எம்மவன் வர்றவரைக்கும் தாங்குமா?" என்றார். அவருக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

குடை மடங்கியது

பியேர் வருகிறான் என்று சேதி வந்தது. சரியாகக் கல்லறைத் திருநாளுக்கு. சித்திரையில் வந்திருக்கலாம். அவன் வேலை செய்யும் இடத்தில் அப்போதுதான் லீவு.

அதனால்தான் அந்த மத்தியானம் நான் கல்லை அணைத்துக்கொண்டு நின்றேன். பின்பக்கம் கயிறு கட்டி ஆட்கள் இழுக்க, கலியமூர்த்தி கடப்பாரையால் நெம்ப, முன்பக்கம் நான் தோள் கொடுத்துத் தள்ளினேன். கல் அசைந்தது. மெல்ல, மெல்ல, நேராக வந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் சித்திரையில் நின்ற மாதிரியே நின்றது.

"நின்னுடுச்சு!" என்றார் முசே.

சேற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது, பெரிய மாடு ஒன்று வாயைத் திறந்து மூடினாற்போல. கல் என் கைகளுக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு இறங்கியது. கட்டிப்பிடித்திருந்தேன் அல்லவா, நானும் கூடவே இறங்கி உட்கார்ந்தேன். மேலே தெரேஸ் அம்மாளின் பெயர் மிஞ்சியது. அதற்குக் கீழே வெட்டியிருந்த முசேயின் பெயர், பிறந்த வருஷம், கோடு, வெற்றிடம், எல்லாம் சேற்றுக்குள். இவ்வளவும் செய்துவிட்டுக் கல் பழையபடி வலது பக்கம் சாய்ந்துகொண்டது.

முசே குடையை மடக்கினார். மழை மறுபடியும் தூற ஆரம்பித்திருந்தது.

"சரி விடுங்க தம்பி," என்றார். "ஆளுக்கு முன்னாடி பேரு போயிருச்சு. எந்திரிங்க, சளி புடிக்கும்."

மறுநாள் காலையில் பியேர் வந்தான். தாடி வைத்த, சாதுவான மனிதன். செவ்வந்திப் பூவும் மெழுகுவர்த்தியுமாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வழுக்கி வழுக்கி நடந்தான். என்னையும் வரச்சொல்லியிருந்தார் முசே. கல்லைப் பற்றி ஏதாவது கேட்டால் நீங்கள் சொல்லுங்கள் என்று.

பியேர் முழங்காலிட்டு ஜெபித்தான். அம்மாவின் பெயரை விரலால் துடைத்தான். முசே குனிந்து, கையாலேயே சேற்றை வாரி வெளியே போட ஆரம்பித்தார். வாரவார, பள்ளத்தில் தண்ணீர் ஊறி நிறைந்தது. "இங்க இருக்குப்பா. எம் பேரு. இங்கதான் இருக்கு. வெட்டியிருக்கேன்."

பியேர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினான். தன் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்தான்.

"பப்பா, இங்க கல்லே நிக்க மாட்டேங்குது. நீங்க எப்படி ஒத்தையா நிப்பீங்க?"

கோபமே இல்லாமல்தான் சொன்னான். முசே என்னைத் திரும்பிப் பார்த்தார். குவாரியில் அத்தனை பேரை வாயடைக்க வைத்தவன், மூன்று பீரியடுக்குக் குன்றுகளைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறவன், நான் அப்போது சொன்னது: "இந்த வருஷம் மழை ஜாஸ்தி."

பொங்கலுக்கு முன்னால் முசேயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கார் ஏறும்போது அவர் கண்ணாடியை இறக்கி, "வெயில் அடிச்சதும் ஒருக்கா நிமித்திப் பாருங்க தம்பி. பேரு மட்டும் வெளிய தெரியட்டும்," என்றார். சரி என்றேன். கோடையில் தரை இறுகிக் கடப்பாரையை மறுத்தது. மழையில் குழைந்து கல்லை மறுத்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கள் ஊரில் ஒரு பருவம் உண்டு. அதில் எனக்கு எப்போதும் வேறு ஏதோ ஒரு வேலை இருந்தது.

சாக்லேட்

சில வருஷம் கழித்து, முசே அங்கே ஒரு குளிர்காலத்தில் இறந்துபோனதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். தெரேஸ் அம்மாளின் பெயரிலும் பாதி இறங்கியிருந்தது. நான் அவசர அவசரமாகத் திரும்பி வந்து பள்ளிக்கூடத்து அட்லசை எடுத்தேன்.

பியேர் இருந்தது பிரான்சில் கடலோரமாக, பிரெத்தாஞ் பக்கம். அந்தப் பக்கம் பூராவும் கருங்கல் பூமி. உள்ளே ஆறி, பிறகு மேலே தெரிந்த கல். எங்கள் மேற்கத்திக் குன்றுகளுக்குத் தூரத்துச் சொந்தம். மண்ணைச் சுரண்டினால் பாறை. அங்கே ஒரு கல்லை நட்டால் பாதாளத்தின் மேல் நட்ட மாதிரி. முசே இங்கே கேட்டது அங்கே கிடைத்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அட்லஸ் மனிதனுக்கு எவ்வளவு ஆறுதல்! பல நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த வருஷ லீவுக்கு முசேயின் தங்கை மகள் ஜோசபின் பிரான்சிலிருந்து வந்தாள். சாவுக்கும் போயிருந்தவள். பார்க்கப் போனபோது தட்டில் சாக்லேட்டைக் கொட்டி வைத்துக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். நான் அட்லசில் படித்ததையெல்லாம் சொன்னேன். அந்த ஊர்த் தரை எப்படிப்பட்டது, அங்கே நட்ட கல் ஏன் ஆயிரம் வருஷம் போனாலும் சாயாது என்றெல்லாம். அவருக்கு என்ன கல் வைத்தார்கள், பெயரை எந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்றும் கேட்டேன்.

ஜோசபின் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"என்ன கல்லுண்ணே?" என்றாள். "மாமாவ எரிச்சுல்ல விட்டாங்க. அங்க இப்ப நெறைய பேரு அப்படித்தான். இந்தாங்க, சாக்லேட் எடுத்துக்குங்க, உருகிடப் போவுது."